அண்ணாச்சி பெஞ்சில் காத்திருந்த இருபத்தைந்து நிமிடம்

தங்கதுரை அண்ணாச்சி இறந்த செய்தி உங்களுக்கெல்லாம் என் போனிலிருந்துதான் வந்தது. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. நம் மும்பைப் பழைய ஆட்கள் இருக்கிற வாட்ஸ்ஆப் குழுவில் நான்கு வரி தட்டினேன். ‘அண்ணாச்சிக்கு மாரடைப்பு. வந்தவுடனே பார்த்தோம். எல்லா முயற்சியும் செய்தோம். காப்பாற்ற முடியவில்லை.’ முலுண்டிலிருந்தும் அணுசக்தி நகரிலிருந்தும், வேலையை விட்டு ஊருக்கே திரும்பிப் போனவர்களிடமிருந்தும் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. ‘லில்லி, உன் கையில் போனாரே, அந்த மட்டில் கொடுத்துவைத்தவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்த நான்கு வரியில் ஒரு வரி பொய். வந்தவுடனே நாங்கள் பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னது நான். அதே பொய்யை அவர் மனைவி பாக்கியம் மைனியிடமும் முகத்துக்கு நேரே சொன்னேன். அஞ்சலி எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர்கள், ‘சிரிக்கிற மாதிரி எழுது, அண்ணாச்சிக்கு அழுமூஞ்சிகளைக் கண்டால் ஆகாது’ என்றார்கள். என்னால் ஆனமட்டும் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க வராத நம் பிள்ளைகளுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், நாங்கள் கேஷுவாலிட்டி என்று சொல்கிற இடத்தில், டிரெஸ்ஸர். காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிற வேலை. நான் அங்கே நர்ஸ். இந்த ஊரில் ஆஸ்பத்திரி ஆண் ஊழியர்களை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர் முதல் குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறவன் வரை அவருக்கு மருமக்கள்தான். “இத்தன பேருக்கும் மாமன் சீர் செய்யணும்னா தாராவிய வித்தாலும் காணாது பிள்ள” என்பார். என் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் நான் மட்டும் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன்.

டிசம்பரும் ஜனவரியும் கல்யாண மாதங்கள். அப்படி ஒரு டிசம்பரில் மாட்டுங்காவிலிருந்து ஒரு பையன் சுண்டுவிரலில் சிக்கிய மோதிரத்தோடு ஓடி வந்தான். நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணுக்காக வாங்கிய மோதிரம். சரியாக இருக்குமா என்று தன் விரலில் போட்டுப் பார்த்திருக்கிறான். விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது, இரண்டு மணி நேரத்தில் நிச்சயம். மோதிரத்தை வெட்டினால் பெண் வீட்டில் அபசகுனம் என்பார்கள் என்று அழுதான். அண்ணாச்சி தையல் நூலை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரல்மூட்டு மறையும்படி நெருக்கமாகச் சுற்றிவிட்டு, மோதிரப் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கத் தொடங்கினார். மோதிரம் நகர்ந்து நகர்ந்து வந்தது. “மோதிரத்துக்குள்ள கையக் குடுக்கதுக்கு முன்னால யோசிக்கணும் தம்பி. நான் யோசிக்காம குடுத்து இருவத்தெட்டு வருசமாச்சு” என்றார். பையன் வலியை மறந்து சிரித்த சமயத்தில் மோதிரம் தெறித்து எங்கேயோ உருண்டு போனது. டாக்டர், நான், ஆயாமார் இரண்டு பேர் எல்லோரும் தரையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா உள்ளே வந்தார். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்து அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். மும்பைக் குளிர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். “பதினஞ்சு நாளு குளிரு. அதுக்குள்ள ஸ்வெட்டர் வச்சிருக்கவன்லாம் போட்டுக் காட்டிரணும்” என்பது அண்ணாச்சியின் கணக்கு. மைனிக்கோ டிசம்பர் பிறந்தால் போதும், தாராவி வீட்டின் ஒற்றை ஜன்னலைப் பழைய சேலை வைத்து அடைத்துவிடுவார்கள். அண்ணாச்சி தலையில் குரங்குத் தொப்பியை மாட்டாமல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் கம்பியால் ஷாக் அடித்து வந்தவர்களை நிறையப் பார்த்தவர் என்பதால் அண்ணாச்சி அதை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. கேஸ் அடுப்பில் அண்டா ஏற்றி, அவரே வெந்நீர் போட்டு, அவரே தூக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்புக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் நான் போனபோது மைனியின் மஃப்ளர் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் சுற்றியிருந்தது. அண்ணாச்சி வேலை, குடத்துக்குச் சளி பிடித்துவிடக் கூடாதாம். மைனி கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார்கள், பாதி வழியில் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் விளையாட்டாகச் சொல்லாத ஒரு சொல்லும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். மாஹிம் பக்கம் ஒரு குடும்பம் அறையை அடைத்துக்கொண்டு, கதகதப்புக்காகக் கரியடுப்பு மூட்டிப் படுத்துவிட்டது. விடிந்ததும் கரிப்புகை தாக்கிய நான்கு பேரையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் அடிபட்டிருந்த சின்னப் பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது. நான் அதை நோக்கி ஓடினேன். அண்ணாச்சி என் தோளைப் பிடித்துத் திருப்பி, மூலையில் தூங்குவதுபோல் கிடந்த தாயிடம் தள்ளினார்.

“கத்துதவனுக்கு உசுரு கெட்டி. கமுக்கமா கெடக்கவன மொதல்ல பாரு.”

அந்தத் தாய் பிழைத்தாள். அதற்குப் பிறகு பத்து வருடமாக நான் இதைத்தான் வேதமாக வைத்திருந்தேன். புதிதாக வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்கு ஒரு கல்யாண வீடே உள்ளே வந்து இறங்கியது. முந்தின நாள் விருந்தில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. மருதாணிக் கையோடு மணப்பெண், ஷேர்வானி பட்டனைத் திறந்துவிட்டபடி மாப்பிள்ளை, அத்தை, சித்தப்பா, கேமராக்காரன் எல்லோரும் ஆளுக்கொரு பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒருவர், நர்ஸ் இரண்டு பேர். சலைன் மாட்டுவதற்கு ஸ்டாண்டு போதாமல் ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது அண்ணாச்சி வந்தார். அவருக்கு மதியம்தான் டூட்டி. வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். மைனி பின்னிய ஸ்வெட்டர், தலையில் அந்தத் தொப்பி. வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சமையல்காரன் பெண் வீட்டு ஆளா, மாப்பிள்ளை வீட்டு ஆளா என்று இந்தியில் கேட்டார். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களே சிரித்தார்கள். என்ன அண்ணாச்சி இந்நேரத்தில் என்று ஊசியும் கையுமாகக் கேட்டேன்.

“இடது தோளு பிடிச்சிருக்கு பிள்ள. வெந்நி அண்டாவத் தூக்குனேன். ஒரு ஊசி போட்டு விடு, போயிருதேன்.”

“உக்காருங்க அண்ணாச்சி, வாரேன்.”

உட்கார்ந்தார். இடது தோள், குளிர்காலக் காலை, ஐம்பது தாண்டிய ஆள். நர்சிங் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தத் தொப்பியை ஒரு தடவை கழற்றச் சொல்லியிருந்தால் அடியில் வேர்த்துக் கொட்டியிருந்ததைப் பார்த்திருப்பேன். நான் பார்க்கவில்லை. பெஞ்சில் அவர் பேசிக்கொண்டே இருந்தார், சுற்றி இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் எனக்கு எரிச்சலாக வந்தது. மனிதர் நிலைமை தெரியாமல் கச்சேரி நடத்துகிறாரே என்று பல்லைக் கடித்தேன். பிறகு சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், அப்போது நான் நினைத்தது அது ஒன்றுதான். அமைதியாக இருக்கிறது, இந்த நரம்பைச் சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று குனிந்து வேலையைப் பார்த்தேன்.

மாமா தூங்கிவிட்டார் என்று மணப்பெண்தான் சொன்னாள்.

ஸ்வெட்டரை அவருடைய கத்தரிக்கோலாலேயே வெட்டினோம். ஐம்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினோம். டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் நான் விடவில்லை, என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

மைனி வந்தபோது கையில் காபி ஃபிளாஸ்க் இருந்தது. தோள்வலிதானே, ஊசி போட்டதும் குடிக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். அழவில்லை. வெட்டிய ஸ்வெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு, வந்ததும் பார்த்தீர்களா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். ஆமாம் மைனி, உடனே பார்த்தோம் என்றேன். “ஒங்கைல போனாவளே, அது போதும்” என்று என் கன்னத்தைத் தடவினார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் உங்களில் பாதிப்பேர் இருந்தீர்கள். ஆளாளுக்கு அண்ணாச்சியின் வேடிக்கைகளைச் சொல்லிக்கொண்டிருந்தோம். மைனியும் ஒன்று சொன்னார்கள். “மூத்தவன் பொறக்கையில லேபர் வார்டு வாசல்ல நின்னு அத்தன பேரையும் சிரிக்க வச்சாவ. எனக்கு உள்ள கேட்டுது. அவியளுக்கு பயம் வந்துட்டா வாய் நிக்காது. மனுசன் நடுங்கிட்டு நிக்காருன்னு எனக்குத்தான் தெரியும்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்து போனதைப் பார்த்து, வயிறு சரியில்லையா என்று யாரோ கேட்டீர்கள். பத்து வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. அன்று காலை அவர் எவ்வளவு பேசினாரோ அவ்வளவு பயந்திருக்கிறார்.

இரண்டு மாதம் அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஜன்னல் சேலையை எடுத்துவிட்டிருந்தார்கள், வெயில் வந்துகொண்டிருந்தது. உட்காராமலே சொன்னேன். பெஞ்சு, இருபத்தைந்து நிமிடம், தொப்பி, எரிச்சல், அப்பாடா என்று நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள், அடித்தால்கூட நல்லது என்று நின்றேன். மைனி திட்டவில்லை, கேட்டார்கள்.

“அந்நேரம் என்ன பேசிட்டு இருந்தாவ?”

“தெரியல மைனி. நான் கேக்கல” என்றேன். அப்போதுதான் அவர்கள் அழுதார்கள். புருஷன் கடைசியாகப் பேசிய பேச்சு முழுவதும் என் காதுக்குப் பத்தடி தூரத்தில் நடந்திருக்கிறது. ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை.

மறுநாள் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி அந்த மாப்பிள்ளையின் நம்பரை எடுத்தேன். அப்படி எடுக்கக் கூடாது, தெரியும். போனில் அந்தப் பையனுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. மாமா எங்கள் எல்லோரையும் அப்படிச் சிரிக்க வைத்தார் என்றான். என்ன பேசினார் என்றால் அவனுக்கும் கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. தன் வீட்டுக்காரி குளிருக்குப் பயப்படுவதைப் பற்றி, குடத்துக்கு மஃப்ளர் கட்டியதைப் பற்றி ஏதோ சொன்னாராம். நடுவில் இரண்டு தடவை, சிஸ்டருக்குக் கைவேலை முடிந்துவிட்டதா பார் என்று கேட்டிருக்கிறார். நான் வேண்டுமானால் கூப்பிடட்டுமா என்று இவன் எழுந்திருக்கிறான். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாராம். வேண்டாம், பாவம், நிறைய வேலை, என் தங்கச்சிதான், அவளே வந்துவிடுவாள் என்றாராம்.

அன்று மாலையே போய் மைனியிடம் அதை அப்படியே சொன்னேன். அவர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நீ எழுதப்போகிறாய் என்றார்களே, இதையும் சேர்த்து எழுது என்றார்கள். பிறகு எனக்குச் சோறு போட்டார்கள், சாப்பிட்டேன்.

உங்களிடம் அவருடைய சிரிப்பும் கேலியும் இருக்கும். நானும் அதைத்தான் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். எனக்கு மிஞ்சியிருப்பது வேறு. நான் வந்துவிடுவேன் என்று ஒரு மனிதர் கடைசி வரை நம்பி உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை.