பெரியப்பா கேட்ட படம்

சென்ற மாதம் நோர்வேயில் எங்கள் புருசெத் வீட்டுக் குளியலறையின் ஓடுகளை மாற்ற வந்த போலந்துக்காரர், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பழுப்புக் கறையைக் கால்விரலால் தட்டி, "தேநீரா?" என்று கேட்டார். ஆமென்று தலையாட்டிவிட்டேன். உண்மையைச் சொல்லப் போனால் அரைநாள் பிடிக்கும், அவருக்கோ வேலை தலைக்கு மேல். உங்களுக்கு நேரம் இருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

அது கலர் பிலிம் கழுவிய மருந்தின் கறை. எல்லாருடைய சட்டைப் பையிலும் ஆயிரம் படம் எடுக்கும் தொலைபேசி வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்கு அந்தப் பித்துப் பிடித்தது. படிப்பு முடிந்து முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். மதிய இடைவேளையில் பக்கத்து மேசைத் தாடிக்காரன் ஒரு படத்தை நீட்டினான். ஒரே மூட்டம். அது காடா, அவனுடைய தாடியா என்று எனக்குத் தெரியவில்லை. "பிலிம்," என்றான், பிரசாதம் கொடுக்கிற ஐயரின் பக்தியோடு. இரண்டு வாரத்தில் என்னைவிட வயதில் மூத்த கமரா ஒன்று என் கழுத்தில் தொங்கியது. எதையும் அளவோடு செய்யத் தெரியாதவன் நான்.

குளிர்சாதனப் பெட்டியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் பிலிம் றோல்கள் குடியேறின. மருந்துகள் குளியலறைக்குப் போயின. வினாகிரியும் நீச்சல் குளமும் கலந்த ஒரு வாசனை, துவாய்களில்கூட ஏறிவிடும். கலர் பிலிம் கழுவ மருந்து சரியாக முப்பத்தெட்டுப் பாகைச் சூட்டில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். ஒருநாள் அதை அம்மா எடுத்துப் பார்த்திருக்கிறா.

"முப்பத்தெட்டுக் காட்டுது. ஆருக்கடா காய்ச்சல்?"

விளக்கம் சொல்வதைவிட அவ கொண்டுவந்த கொத்தமல்லித் தண்ணியைக் குடிப்பது சுலபமாக இருந்தது. குடித்தேன்.

எங்கள் குளியலறைக்கு யன்னல் கிடையாது. அது நல்லது, ஏனென்றால் றோலைக் கழுவும் டப்பாவுக்குள் சுற்றி மூடும் வரைக்கும் கும்மிருட்டு வேண்டும். ஆனால் விளக்கின் ஆளி கதவுக்கு வெளியே இருந்தது. உள்ளே நான் இருட்டில் தடவிக்கொண்டிருக்க, அப்பா அவசரமாக வந்து ஆளியைப் போடுவார். ஒரு நொடியில் முப்பத்தாறு படமும் பரலோகம். "நீயேனடா இருட்டுக்கை நிண்டனீ?" என்று என்மேலேயே பாய்வார்.

இப்போது பெரியப்பாவிடம் வருகிறேன். அப்பாவின் ஒரே அண்ணன். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியவர், பஸ் ஓட்டியவர். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீடு காரில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை அவர் பதினாலு வருடமாக ஓட்டவில்லை. காரணம் ஒரு படம். அக்கா பெரியபிள்ளையானதுக்கு வைத்த சாமத்தியவீட்டில் ஒவ்வொரு குடும்பமாக ஒலிவாங்கியில் கூப்பிட்டு மேடையில் ஏற்றிப் படம் எடுத்தபோது, பெரியப்பா குடும்பத்தின் பெயர் விடுபட்டுவிட்டது. அவர் அப்போது கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார் என்பது அப்பா கட்சி. வேண்டுமென்றே விட்டார்கள் என்பது பெரியப்பா கட்சி. நம் ஆட்களுக்கு வனவாசம் போக இது போதும்.

அக்காவின் கலியாணத்துக்கு அப்பா நேரில் போய்ச் சொல்லவில்லை, அம்மாவைத்தான் அனுப்பினார். ஆனால் பெரியப்பா வந்தார். அதுவும் எப்போது? மாப்பிள்ளை பொம்பிளையோடு இரண்டு படப்பிடிப்பாளர்களும் ஏரிக்கரைக்குப் போயிருந்த நேரம். சனம் முழுக்கச் சாப்பாட்டு அறையில். பெரியப்பா ஐந்து நிமிடம் மேடையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, சாப்பிடாமல் எழும்பி ஜாக்கெட்டை மாட்டினார். அப்பா வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"அண்ணை, நில்லுங்கோ. ஒரு படம் எடுப்பம்."

பதினாலு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. வாசலில் கழுத்தில் கமராவோடு நின்றது நான் மட்டும். என் கடைசி றோலை முடித்து, சுற்றி எடுத்து, அப்போதுதான் பையில் போட்டிருந்தேன். தொலைபேசி மேல்மாடியில் சார்ஜில். பெரியப்பா ஏற்கெனவே அப்பாவின் தோளில் கை போட்டுவிட்டார். ஜாக்கெட்டின் பொத்தானைக்கூடச் சரிபார்த்தார். "பொறுங்கோ, றோல் இல்லை" என்று சொன்னால் அது அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது தடவை. எனக்குத் துணிவு வரவில்லை. வெறும் கமராவைக் கண்ணில் வைத்துக் கிளிக் அடித்தேன். கோழைக்குச் சத்தம் ஒன்று கிடைத்தால் போதும்.

மற்ற றோல்களைக் கழுவியபோது அவற்றில் இருந்தவை: மண்டபத்து வாசலில் குவிந்த சப்பாத்துகள், பிளாஸ்டிக் வாழைமரம், பாதிக் கேக். சூடு குறைந்ததால் எல்லாம் பச்சை.

"ஹெல்ட் ஆர்லி," என்று நோர்வேஜியத்தில் தொடங்கினாள் அக்கா, "உண்மையாச் சொல்லு, என்ரை கலியாணத்திலை உனக்குச் சப்பாத்துத்தானோ தெரிஞ்சது?"

அடுத்த ஞாயிறு பெரியப்பா வந்துவிட்டார். "என்ன மோனை, கழுவிப்போட்டியோ?" உங்கள் படம் வேறு றோலில் என்றேன். அப்பா தேத்தண்ணி போட்டார். அதற்கடுத்த ஞாயிறு மருந்து வரவில்லை என்றேன். பிறகு வந்த மருந்து பழுது. பிறகு தண்ணீர் சூடு காணாது. பனி கொட்டியது, உருகியது, அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். வாசலில் ஒரு கேள்வி, பிறகு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து அரசியலும் முழங்கால் வலியும் கதைப்பார்கள். படம் இல்லை என்று தெரிந்தால் அந்தச் சோபா திரும்பவும் காலியாகிவிடும்.

சித்திரை பிறந்தது. "இண்டைக்கு நாங்களும் உள்ளை வந்து பாக்கிறம்," என்றார் பெரியப்பா. தப்ப வழியில்லை. ஒரு வெற்று றோலைக் கழுவி, பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். பெரியப்பா தொட்டி விளிம்பில், அப்பா கழிப்பறை மூடியில், நான் நடுவில். ஆளியை அம்மா காவல் காத்தா. கும்மிருட்டு. என் கை றோலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணை," என்றது அப்பாவின் குரல். "படம் வந்தவுடனை பெரிசாக்கி ஹோலிலை கொழுவுவம். நாங்கள் ரெண்டு பேரும் நிக்கிற படம் எங்களிட்டை ஒண்டுமில்லை."

என் கை நின்றுவிட்டது. முகம் தெரியாத இருட்டு என்பதால்தான் வாய் திறந்தது.

"பெரியப்பா, அண்டைக்குக் கமராவுக்கை றோல் இருக்கேல்லை."

பெரியப்பா தொட்டி விளிம்பில் இருந்தபடியே சொன்னார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். நீ படம் அடிச்சிட்டு அடுத்த படத்துக்கு றோலைச் சுத்தேல்லை. ஊரிலை நானும் இப்பிடி ஒரு கமரா வைச்சிருந்தனான்."

"பேந்து ஏன் ஒவ்வொரு கிழமையும் கேட்டனீங்கள்?" என்றேன்.

"இஞ்சை வாறதுக்கு எனக்கும் ஒரு சாட்டு வேணுமெல்லே."

"அப்ப இந்த வீட்டிலை நான் ஒருத்தன்தான் விசரனோ?" என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துபோய் ஆளியைப் போட்டா. டப்பா என் மடியிலிருந்து உருண்டது, மருந்துப் போத்தல் சரிந்தது. ஓட்டில் கறை பிடித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகும் அவர் ஒரு ஞாயிறும் விடவில்லை. வாசலிலேயே, "கழுவிப்போட்டியோ?" என்பார். "இன்னும் இல்லைப் பெரியப்பா," என்பேன். அப்பா தேத்தண்ணிக்கு எழும்புவார். வருடக்கணக்காக இது நடந்தது. நான் கலியாணம் கட்டி, அதே வீட்டிலேயே இருந்து, பிள்ளை பிறந்து, பிலிமை விட்டுவிட்ட பிறகும் நடந்தது.

நாலு கிழமைக்கு முன் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள். இரண்டு பேரையும் சோபாவில் வைத்துத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்தேன். நல்ல வெளிச்சம், கண் மூடாத படம். பெரியப்பா வாசலில் சப்பாத்து மாட்டி முடிக்கும் முன்பே குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஓம், வந்திட்டுது. நல்லா வந்திருக்கு," என்றார். போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு முழங்கால் வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறு பனி என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் கட்டைவிரல் மட்டும் போடுகிறார்.

நேற்று ஞாயிறு. அப்பா மூன்று மணிக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார், நாலு மணிக்கு அடுப்பை நிறுத்தினார். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் படத்தை நீயேனடா உடனை அனுப்பினனீ?"