இடது பெட்டிக்கு ஒரு விளக்கவுரை

வில்லைக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு வில்லை தேய்த்துச் சட்டத்தில் பொருத்தித் தருவது அவர் வேலை. அது சும்மா வயிற்றுப்பாட்டுக்கு. அவர் பிறவி எடுத்ததே வேறு காரியத்துக்கு: ராக் பாட்டுக்குப் பொருள் சொல்ல. அதிலும் காதல், கண்ணீர் என்று எவனாவது குழைந்தால் அவருக்கு ஆகாது. மனிதனின் பேராசை, மண்ணைக் கூறுபோட்ட பாவம், வேலி, சுவர் என்று நாலு கிதார் சேர்ந்து அலற வேண்டும். அப்போதுதான் மனுஷருக்குச் சோறு இறங்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு முன்னறையில் சபை கூடும். ஓய்வுபெற்ற தபால்காரர் வருவார். வீட்டில் விசிறி ரிப்பேர் என்பதால் வருகிறார் என்று பேச்சு. கடை முதலாளியின் மைத்துனர் வருவார். இன்னும் இரண்டொருவர். "பாட்டு முடிஞ்சாலும் இவர் முடிக்க மாட்டார்" என்று வில்லைக்காரரின் மனைவி முணுமுணுத்தபடி பின்பக்கம் போய்விடுவாள்.

அந்த முன்னறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முழு அறை அல்ல, பாதி அறை. அப்பா போன பிறகு வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் என்று ஆயிற்று. தம்பி லிஃப்ட் மெக்கானிக். கொத்தனாரை நம்பினால் மற்றவன் அவரைக் கைக்குள் போட்டுக்கொள்வான் என்று, அண்ணனும் தம்பியுமே கதவைச் சாத்திக்கொண்டு நாடாவைப் பிடித்து அளந்தார்கள். அளவு என்றால் அப்படியொரு அளவு. சுவர் நேரே போய் ஜன்னலின் நடுவில் முட்டியது. ஆளுக்கு ஒரு கதவு. சமையலறை தம்பிக்குப் போனதால் அண்ணன் புதிதாக ஒன்று கட்டினார். குளியலறை அண்ணனுக்கு வந்ததால் தம்பி புதிதாக ஒன்று கட்டினான். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்.

அப்பாவின் பாட்டுச் செட்டையும் விடவில்லை. பிளேயரும் இசைத்தட்டுகளும் அண்ணனுக்கு. தட்டெல்லாம் அண்ணனுக்கென்றால் உறையாவது எனக்கு வேண்டாமா என்றான் தம்பி. நியாயம்தானே, உறைகள் தம்பிக்கு. ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. இடது அண்ணனுக்கு, வலது தம்பிக்கு. ஓட்டுவதற்குப் பிளேயர் இல்லாத தம்பி, வலது பெட்டியை வாசலில் போட்டுச் செருப்பு வைக்கும் பலகையாக்கினான். உறைகள் பரணுக்குப் போயின. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வில்லைக்காரரின் உயிர்ப் பாட்டு ஒன்று உண்டு. யாரும் பேர் கேள்விப்படாத ஒரு இங்கிலீஷ் குழு பாடியது; பங்கு பிரித்த பிறகுதான் அந்தத் தட்டை அவர் முதன்முதலாகப் போட்டுக் கேட்டார். 'அவன் மலையை அளந்தான், ஆற்றை அளந்தான், என் வாசலையும் அளந்தான், அளந்ததெல்லாம் தனதென்றான்' என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். பிறகு வெறும் கிதார் மட்டும் கொஞ்ச நேரம் முனகும். மறுபடி கத்தல், மறுபடி முனகல். அந்த முனகலில்தான் நம்மவரின் முழுப் புலமையும். "இது மௌனம். பறிகொடுத்தவனோட மௌனம்" என்று கண்ணை மூடிக்கொள்வார். தபால்காரரும் மூடிக்கொள்வார், அவர் மூடியபடியே தூங்கியும் போவார். அந்த 'அவன்' யார்? ராஜாவாக இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம் என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தொண்டையை உயர்த்துவார். "கூடப் பொறந்தவனாக்கூட இருக்கலாம்." ஜாடை பேசுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

இப்படி இருக்கையில் நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நூலகர் அம்மாள் இவர் புகழைக் கேள்விப்பட்டு, அந்தப் பாட்டையே கூடத்தில் போட்டு விளக்கச் சொன்னார். வில்லைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மேடையோ மாலையோ அவருக்குப் பெரிதில்லை. தம்பி வர வேண்டும். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டுத் தலை குனிய வேண்டும். "ஒரே ஒரு வார்த்தை, தப்புதான்னு அவன் வாயால வந்துட்டாப் போதும்" என்று மனைவியிடம் சொன்னார். எத்தனை கிண்டல் செய்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: தம்பி இல்லாத வீடு அவருக்கு வலித்தது. ஆனால் நேரில் போய்க் கூப்பிடுவாரா? கௌரவம் என்ன ஆவது? மனைவியை அனுப்பினார். வருகிறேன் என்று சொல்லியனுப்பினான் தம்பி.

கூடம் நிறைந்திருந்தது. தம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். வில்லைக்காரர் பேராசையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் பாட்டைப் போடச் சொன்னார். இடது பக்கம் அந்த ஆள் கத்தி முடித்தான். "இப்ப வர்ற மௌனத்தைக் கவனிங்க" என்று இவர் கையை உயர்த்தினார்.

வலது பக்கத்திலிருந்து ஒரு பெண் பாடினாள். கத்தவில்லை, நிதானமாகப் பாடினாள். கத்தல் நின்ற இடத்திலெல்லாம் அவளே வந்தாள். வில்லைக்காரரின் உயர்த்திய கை இறங்க மறந்தது. இத்தனை வருஷம் இடது பெட்டியில் மட்டும் கேட்டவருக்கு அப்படியொரு பெண் பிறந்திருப்பதே தெரியாது.

பாட்டு முடிந்ததும் நூலகர் அம்மாள் எழுந்து, "அந்தம்மா என்ன கேக்கறாங்க சார்? தமிழ்ல சொல்லுங்களேன்" என்றார்.

வில்லைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மென்று விழுங்கிச் சொன்னார். "அளக்கும்போது நாடாவோட இன்னொரு முனையைப் பிடிச்சது யாருன்னு... கேக்கறா."

"யாரு சார் பிடிச்சது?"

கூடம் முழுக்க அவரையே பார்த்தது. கடைசி வரிசையும் பார்த்தது. வில்லைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழக்க தோஷம் கைகொடுத்தது, மார்பில் கைவைத்து, "நாம எல்லாரும்தான். மொத்த மனுஷ குலமும்" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாரையும் சுடாத பதில் என்றால் ஜனங்களுக்கு அத்தனை பிரியம். தபால்காரர் விழித்துக்கொண்டு அவரும் தட்டினார். தம்பி மட்டும் தட்டவில்லை.

மாலையும் கையுமாக வெளியே வந்தபோது வாசலில் தம்பி நின்றிருந்தான்.

"அந்தப் பொம்பளை பாடற வரியெல்லாம் உறையிலயே அச்சடிச்சிருக்கு" என்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமேடா."

"நீ கேக்கவே இல்லையே." தம்பி தரையைப் பார்த்தான். "எல்லாரும்தான்னு சொன்னே. கதவைச் சாத்திட்டு அளந்தப்ப அந்த ரூம்ல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம், அண்ணா."

அண்ணா என்ற வார்த்தையை வில்லைக்காரர் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. தான் கேட்க ஆசைப்பட்ட அந்த ஒரு வார்த்தை தன் நாக்கிலேயே வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. தப்புதான் என்று சொன்னால் முடிந்துவிடும். மௌனத்துக்குப் பொருள் சொல்லியே பேர் வாங்கியவர், பக்கத்தில் தம்பி நடந்துவர, வீடுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. வீடு வந்ததும் அவரவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள்.