அக்காவுக்கு ஒரு ஐபீஸ்

போன பௌர்ணமியன்று சாயங்காலம் அக்காவும் மாமாவும் சங்கராபுரத்திலிருந்து டூவீலரில் கல்வராயன் மலை ஏறி வந்தார்கள். எனக்கு வெள்ளிமலையில் வேலை. வீடும் அங்கேதான்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியே நகரலடா. பௌர்ணமின்னு திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போற கூட்டம்," என்று இறங்கும்போதே சொன்னாள் அக்கா.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார். "நம்ம வூட்டு மாடில தெரியாத நிலாவா? தம்பி வூட்டு நிலாதான் வேணும்னு இழுத்துக்கினு வரா."

"நீங்க சும்மா இருங்க."

அக்காவுக்குக் கிளகோமா. ஓரப் பார்வை போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான் தெரியும். "மூக்கு தெரியுது, காதை எங்கடா வெச்ச?" என்று என்னிடம் சிரிப்பாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான் — நிலாவைப் பெரிதாகவும் பார்க்க வேண்டும், முழுசாகவும் பார்க்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்து கிடைக்குமா?

என்னிடம் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது. அதில் கண் வைக்கும் முனையில் செருகுகிற சின்ன லென்ஸ் குழல்தான் ஐபீஸ். அதன் எண் குறைந்தால் உருவம் பெரிதாகும். என்னிடம் பத்து, இருபத்தைந்து என இரண்டு இருந்தன. பத்தைப் போட்டால் தொண்ணூறு மடங்கு. நிலா பார்வை வட்டத்துக்குள் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி உட்காரும். அதில் எனக்கு ஒரு பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் பத்துதான்.

போன வருஷம் சித்திரையில் அக்கா முதலில் பார்த்ததும் அதில்தான்.

"இன்னாடா இது, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்குது. நிலா எங்க?"

"ஆடாம பாருக்கா. ஓரம் தெரியும்."

"ஓரமே இல்லியேடா."

"உனக்குப் பொறுமை கம்மி," என்று அதட்டினேன்.

பிறகு வழக்கம்போல நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், ஐபீஸ் பத்து, வானம் தெளிவு. கீழே ஒரு வரி — 'அக்காவுக்குப் பார்க்கத் தெரியவில்லை.' சத்தமாகப் படித்தும் காட்டினேன். மாமா சிரித்தார். அக்காவும்தான்...

எட்டு மாதம் போனது. அக்கா கதவில் மூன்று முறை இடித்துக்கொண்ட பிறகுதான் கண் டாக்டரிடம் காட்டினார்கள். போன பார்வை திரும்பாது, முன்பே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போகாமல் நிறுத்தியிருக்கலாம் என்றாராம்.

அந்தக் குறை முன்பே தட்டுப்பட்ட ஒரே ஆள் நான். எழுதியும் வைத்தேன் — அவள் குற்றமாக.

எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவன் எல்லாவற்றையும் கவனிக்கிறான் என்று யார் சொன்னது?

அதன் பிறகு நிலாவுக்கு ஏற்ற ஐபீஸைத் தேடுவதை விட்டேன். அக்கா கண்ணில் மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்றதைத் தேடினேன். இருபத்தைந்தில் நிலா சின்னதாகும், சுற்றிலும் கறுப்பு வானம் தெரியும். தை மாதம் அதில் பார்த்துவிட்டு, "டேய், வட்டமா இருக்குதுடா!" என்று என் கையைக் கிள்ளினாள். சொட்டு மருந்து விட்டும் நோய் நிற்கவில்லை. ஆனியில் அதிலும் ஓரம் விட்டுப்போனது. நாற்பது வாங்கினேன். இருபத்திரண்டு மடங்குதான்... ஆனாலும் முழு நிலா. என் டெலஸ்கோப்புக்கு அதற்கு மேல் எண் கிடையாது.

போன பௌர்ணமிக்கும் அந்த நாற்பதைத்தான் போட்டேன். கீழே சமவெளிக்கு மேல் நிலா ஏறி வந்தது. அக்கா குனிந்தாள்.

"இன்னாடா... ஒரு பக்கம் தேஞ்சாப்பல இருக்குது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் நிலாவைப் பார்த்தேன். துளிக் குறையில்லாத வட்டம்.

"நேத்தே பௌர்ணமி முடிஞ்சிருச்சுக்கா. இன்னிக்குத் தேய ஆரம்பிச்சிருச்சு."

பதினோரு வருஷமாகத் தேதி பிசகாமல் எழுதுகிறவன் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது! அதுவும் யாரிடம்? கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி வந்தவளிடம்.

அக்கா ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படியா," என்றாள். "அப்போ நோட்டுலயும் அப்படியே எழுதிக்கடா. எனக்குப் பாக்கத் தெரியலன்னு மட்டும் எழுதாத."

எழுதினேன். என் நோட்டில் நான் தெரிந்தே எழுதிய முதல் தப்பு அது.