பழவங்காடியில் அலறிய வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு பைக்குகள் காணாமல் போயின. என் பைக்குக்கு வயது பன்னிரண்டு. வலப்பக்கக் கண்ணாடி உடைந்து போய் ஒற்றைக் கண்ணாடியோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு அது தங்கம். அலறி அடித்துக்கொண்டு ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கி மாட்டினேன். வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் தெரியும். ரிமோட்டை அமுக்கி வைத்துவிட்டால், யார் தொட்டாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, அந்தக் கருவி நன்றாக இருக்க வேண்டுமே என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினேன்.

"கள்ளனப் பிடிக்க மிஷினு, மிஷினுக்குக் காவல் பிள்ளையாரா? கொள்ளாம்!" என்று என் மனைவி சிரித்தாள்.

பூஜை முடிந்தது. ஹெட்லைட்டில் சந்தனமும் ஹேண்டில்பாரில் தெச்சிப்பூ மாலையுமாக வண்டியை ஓரம் கட்டி, ரிமோட்டை அமுக்கிவிட்டு எதிரே சாயா குடிக்கப் போனேன். அதற்குள் ஆபீசிலிருந்து போன். பேசி முடித்த எரிச்சலோடு வந்து, சந்தனமும் மாலையுமாக நின்ற கறுப்பு வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டேன். கிளம்பிவிட்டது. பையில் ரிமோட் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது போன் அலறியது. 'உங்கள் வண்டியை யாரோ தொடுகிறார்கள்.' இடம், பழவங்காடி. எனக்கு வந்ததே கோபம்! வண்டிமேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், இது பழவங்காடி என்கிறதே! கருவியை மாட்டித் தந்த கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாவம், அவர் ஒன்றுதான் கேட்டார், "சாரே, நம்பர் நோக்கியோ?"

நான் குனிந்து நம்பரைப் பார்ப்பதற்குள் மனைவி வண்டியைப் பார்த்துவிட்டாள். "இதென்ன, ரெண்டாவது கண்ணாடி முளைச்சிருக்கு? பிள்ளையார் தந்ததா?"

நம்பர் என்னுடையதே இல்லை. அதே கம்பெனி, அதே கறுப்பு. இரண்டு வண்டிக்குமே எந்தச் சாவிக்கும் திறக்கும் தேய்ந்த பூட்டு. வந்த வழியே பறந்தேன்.

கோயில் முன்னால் பெரிய கூட்டம். நடுவில் என் வண்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் காலரை யாரோ பிடித்திருந்தார்கள். "நின்றெ வண்டியெங்கில் நம்பர் பறயடா!" என்று வண்டி நம்பரைக் கேட்டு ஒருவர் அதட்ட, "போலீஸ விளி" என்று இன்னொரு குரல்.

"நேத்துதாம்யா வாங்குனேன். நம்பர் இன்னும் மனசுல நிக்கல" என்று அவர் தமிழில் கெஞ்சினார்.

உண்மையைச் சொல்கிறேன், வண்டியை விட்டுவிட்டு நைசாக நழுவலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் எல்லோரையும் கும்பிட்டுக் கெஞ்சுவதைப் பார்த்த பிறகு கால் நகரவில்லை. ரிமோட்டை அமுக்கினேன். சத்தம் நின்றது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கள்ளன் அவரல்ல, ஞானா!" என்று என்னையே சுட்டிக் காட்டினேன்.

நடந்ததைச் சொல்லச் சொல்லக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காலரைப் பிடித்தவரே அவருக்குச் சட்டையை நீவிவிட்டு, ஒரு சாயாவும் வாங்கிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டவருக்குத் தென்காசிப் பக்கம், கட்டட வேலை. வாழ்க்கையில் முதல் வண்டி. செகண்ட் ஹேண்டாக வாங்கிப் பூஜைக்குக் கொண்டு வந்திருக்கிறார். என்னைப் போலவே சந்தனத்தையும் மாலையையும் நம்பி என் வண்டியில் கை வைத்திருக்கிறார்.

என்னைத் திட்டுவார் என்றுதான் காத்திருந்தேன். அவரோ தன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து கேட்டார்:

"அதென்னமோ இருக்கட்டும் சார்... வண்டி எப்படி ஓடுது? நான் இன்னும் தூரமா ஓட்டிப் பாக்கல."

"பிரமாதமா ஓடுது அண்ணாச்சி!" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருடனைப் பிடிக்க வாங்கிய கருவி என்னையே பிடித்துக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. இன்றும் எங்காவது ஒருவரைச் சுற்றிக் கூட்டம் கூடிச் சத்தம் போட்டால், அவருடைய வண்டியைத் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போன யாரோ ஒருவர் வழியில் வந்துகொண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.