மூன்று நிமிடத்தில் வென்ற அலுமினியக் கம்பி

இறக்குமதிக் கட்டுப்பாட்டால் செப்புக் கம்பி கடைகளில் கிடைக்காத காலம். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக் கட்டடத்தில் பழைய வயர்களின் இறப்பர் உறை வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அலுமினியக் கம்பியை உடனே இழுப்பதா, செப்பு வரும்வரை பொறுப்பதா என்று தீர்மானிக்கக் குடியிருப்பாளர் கூட்டம் கூடியது.

எங்கள் கூட்டங்கள் விவாத மேடையின் விதிப்படி நடந்தன. கட்சிக்கு ஒருவர், ஆளுக்கு மூன்று நிமிடம், தலைவர் மணியடித்தால் பேச்சு முடிந்தது, கைதட்டலே தீர்ப்பு. கல்லூரி விவாத அணியின் தலைவனாக இருந்த நான்தான் அந்த விதிகளைக் கொண்டுவந்தவன். தலைவராக அமர்ந்தவர் கட்டடச் சொந்தக்காரர். அவருக்கு வேலை விரைவில் முடிய வேண்டும்.

அலுமினியத்துக்காக நான் எழுந்தேன். "மலைநாட்டு அருவிகளில் பிறக்கும் மின்சாரத்தை இந்தத் தலைநகர்வரை சுமந்து வரும் பெருங்கம்பிகள் எதனாலானவை? அலுமினியத்தால்! ஒரு நகரத்தையே தாங்கும் உலோகம் நம் வீட்டு விளக்கைத் தாங்காதா?" கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

எதிர்த்துப் பேச எழுந்தவர், நாங்கள் பாஸ் என்று அழைத்த கொட்டாஞ்சேனை மின்வேலைக்காரர். மேடை அறியாதவர், தொண்டையைச் செருமுவதிலேயே ஒரு நிமிடம் கரைந்தது.

"தம்பி சொல்றது ஆகாசத்தில தொங்குற கம்பி. இது சுவருக்குள்ள. அலுமினியம் மெது. சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி ஸ்க்ரூவில லூஸாப் போகும். உப்புக் காத்து வேற. சுவரில இருக்கிற பழைய பித்தளைப் பிளக்கிலயே அதைக் கொண்டுபோய்ப் பூட்டினா..."

மணி அடித்தது. அவர் மேலும் பேச வாயெடுத்தார். "நேரம் முடிந்துவிட்டது" என்று நினைவூட்டியவன் நானே. பழைய பிளக்குகளிலேயே அலுமினியம் பூட்டப்பட்டது. பாஸ் அந்த வேலையை ஏற்கவில்லை. வேறொருவர் வந்து செய்தார்.

கீழ்மாடியில் எல்லாரும் அன்ரி என்று கூப்பிட்ட ஒரு பெண் தனியே இருந்தார். லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களின் உடுப்புகளை அயன் பண்ணிப் பிழைத்தவர். சில மாதங்களின் பின் படிக்கட்டில் என்னை மறித்தார்.

"தம்பி, அயன் போட்டா அந்தப் பிளக்குக்குள்ள மீன் மணக்குது."

"கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு மீன் மணக்குதெண்டா என்ன செய்யிறது அன்ரி? கடலை மாத்தவோ?"

"உம்மோட கதைச்சு வெல்ல ஏலுமே!" என்று சிரித்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே ஒரு பிற்பகலில் அந்தப் பிளக் தீப்பிடித்தது. திரைச்சீலையும் உடுப்புக் குவியலும் எரிந்தன. உடுப்புகளைக் காப்பாற்றப் போன அன்ரியின் வலக்கை தோள்வரை வெந்தது.

பாஸைக் கொட்டாஞ்சேனையிலிருந்து நானே போய் அழைத்து வந்தேன். கருகிய பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கம்பி முனையில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது. பிளக் உள்ளுக்குள் கருகத் தொடங்கினால் மீன்நாற்றந்தான் வரும் என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்ரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புமுன் மறுபடி கூட்டம். இரவும் பகலும் அயன் போட்டதே காரணம், அவரை வீட்டைவிட்டு எழுப்ப வேண்டும் என்றார் சொந்தக்காரர். நான் பாஸைப் பேசும்படி கேட்டேன்.

"நான் சொல்லி ஆர் கேட்டது? நீர் சொல்லும்" என்றார்.

எழுந்தேன். "பிழை கம்பியில். அதைப் போடச் சொன்னவன் நான். என் வாதம் தவறு. எல்லா வீட்டிலும் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்." அலங்காரம் ஒன்றும் வரவில்லை.

"அண்டைக்கு எவ்வளவு வடிவாப் பேசினீர் தம்பி! இண்டைக்கு என்ன, காய்ச்சலோ?" என்றார் சொந்தக்காரர். சிரித்தார்கள். கம்பியில் பிழை என்றால் எல்லார் சுவரையும் உடைக்க வேண்டும். அன்ரியில் பிழை என்றால் ஒரு வீடு மட்டும் காலியாகும். அன்ரி போக வேண்டும் என்பதற்கே கைதட்டினார்கள். என் தந்தையும் தட்டினார்.

மாத முடிவில் அன்ரி கிருலப்பனையில் ஓர் அறைக்குப் போனார். கட்டுப் போட்ட கையால் எதையும் தூக்க முடியாததால் பெட்டியை நான் சுமந்தேன். புது அறையில் அவர் முதலில் பார்த்தது சுவரிலிருந்த பிளக்கை.

"இதுக்குள்ள என்ன கம்பி தம்பி? பயமில்லைத்தானே?"

"எனக்குத் தெரியாது அன்ரி" என்றேன்.