சிவப்புப் பத்து ரூபாய்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. அப்பா பட்டணத்தில் ஒரு வங்கியில் காசாளர். தாம்பரத்தில் ரயிலேறிப் போய்வருவார். அதனாலேயே சேலையூரில் எங்கள் தெருவில், ரூபாய் நோட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் அதிகாரம் எனக்கும் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு ஒரு மீன்காரம்மா வருவார். அவர் மகன் பஹ்ரைனில் ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, மீன்காரம்மா மடியிலிருந்து நாலாய் மடித்த நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். மகனின் முதல் சம்பாத்தியம். ஊர் திரும்பிய கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"பாப்பா, நீ பட்ச்ச புள்ள. இது நம்ம துட்டுதானே? படகெல்லாம் அப்டியே கீது. கலரு மட்டும் வேற மாரி கீது."

சிங்கத் தலையும் பாய்மரப் படகும் நம் பத்து ரூபாயில் இருப்பது போலவேதான் இருந்தன. ஆனால் நம்முடையது ஊதா, இது சிவப்பு. அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கள்ளநோட்டு" என்றேன்.

"ஐயையோ, கையில வச்சிருந்தாலே போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்று எதிர்வீட்டு அக்கா இரண்டடி பின்வாங்கினார். மீன்காரம்மா நோட்டை என்னிடமிருந்து பிடுங்கி, சுக்குச்சுக்காகக் கிழித்து, மீன் கழுவிய தண்ணீரோடு சாக்கடையில் விட்டார்.

அப்பா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நம்பருக்கு முன்னாடி இசட் போட்டிருந்துதா?"

போட்டிருந்தது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவிலிருந்து ஏடன் வரை நம் ரூபாய்தான் ஓடியதாம். அவன் இங்கிருந்து போன பிறகும் வளைகுடாவில் அதுவே புழங்கியது. அங்கே சேர்ந்த நோட்டையெல்லாம் தங்கக் கடத்தல்காரர்கள் இங்கே கொண்டுவந்து அந்நியச் செலாவணியாக மாற்றத் தொடங்கவே, அந்தக் கரைக்கென்று நம் அரசாங்கமே வேறு நிறத்தில், இசட் போட்டு அச்சடித்தது. இங்கே கடையில் செல்லாது. பம்பாய் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பினால் பத்து ரூபாய் கிடைக்கும்.

"அசல் நோட்டு. அந்தம்மாகிட்ட சொல்லிடணும்" என்றார்.

"சொன்னா பத்து ரூபா நாமதான் குடுக்கணும். தேதி இருபதாயிடுச்சு" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினார். அன்றைய குடும்ப ஜெபம் மட்டும் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

அடுத்த வாரம் வந்த மீன்காரம்மா, கேட்காமலே இரண்டு கை இறாலை அள்ளி எங்கள் பாத்திரத்தில் போட்டார். "காசு வேணாம்மா. பாப்பா சொல்லாங்காட்டி நான் கம்பி எண்ணிகினு இருந்திருப்பேன்." பிறகு மடியிலிருந்து ஒரு ஏர்மெயில் தாளை எடுத்தார். "நாலு வரி எய்திக் குடு பாப்பா. பெத்தவள ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியாடான்னு கேளு. இனிமே துட்டே அனுப்பாதன்னு எய்து."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை நிமிராமல் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

எழுதினேன். பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து. அவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, திருப்தியோடு மடித்து எடுத்துக்கொண்டார். மத்தியானம் இறால் தொக்கு. நானும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு மகனிடமிருந்து பணம் வரவில்லை. கொஞ்ச நாளில் கடிதமும் நின்றது. "வேல ஜாஸ்தி போலகீது" என்பார். அந்த வீட்டை நாங்கள் காலிசெய்யும்வரை வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் என் கன்னத்தை வழித்து முத்தமிடுவார். அப்போதெல்லாம் எனக்கு உறுத்தியது சாக்கடையில் போன அந்தப் பத்து ரூபாய் மட்டும்தான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் கடிதத்தைப் பிரித்திருப்பான் என்பது தோன்றவே இல்லை.