பால் டின்னில் இரண்டாவது ஓட்டை

எங்கள் லோரியின் உள்கண்ணாடியில் ஒரு காலி பால் டின் கம்பியில் கட்டித் தொங்குகிறது. தேத்தண்ணிக்கு ஊற்றுகிற கெட்டிப் பால் டின்தான். அதன் மூடியில் எதிரெதிரே இரண்டு ஓட்டைகள். சாமி படம் தொங்க வேண்டிய இடத்தில் இது என்ன என்று லோரிக்கு எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் ஆட்கள் கேட்பார்கள். மாட்டியது என் அண்ணன். போன தீபாவளி முடிந்த பிறகு, நெஞ்சு அடைக்கிறது என்று ஈப்போ புந்தோங் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு அவனோடு லோரியில் ஏறியவள். அவன் ஓட்டுவான், நான் சாமான் ஏற்றி இறக்குவேன். இப்போது நானே ஓட்டுகிறேன். அழுகை வந்தால் அந்த டின்னைப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிடும்.

அந்த லோரி எங்கள் அப்பாவுடையது. சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்திலிருந்து, திருவிழாவுக்கு அம்மன் ஊர்வலம் போவது அதன் மேல்தான். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, ஜனங்கள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது, திருவிழாவுக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். ஒரு வருடம் திருவிழாவுக்குச் சில வாரம் முன்னால் டீசல் டேங்க் அடியில் துருப்பிடித்து ஓட்டையாகி ஒழுக ஆரம்பித்தது. ஒட்டிப் பார்த்தோம், தகரம் விரலோடு வந்தது. அவ்வளவு பழைய லோரிக்கு டேங்க் எங்கேயும் கிடைக்கவில்லை. கோயில் தலைவர், இந்த வருடம் புது லோரி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னான்: "அம்மன் வேற எவன் லோரியிலயாவது ஏறுனா, இவரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

லகாட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் பெட்ரோல் வேன் ஒன்றின் டேங்க் கிடந்தது. துரு இல்லை. வேன் டேங்கை லோரிக்கு மாட்டப் போகிறோம் என்றதும் கடை முதலாளியான தவுக்கே சிரித்தார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அதைத் தோளில் தூக்கிக்கொண்டான். பெட்ரோல் இருந்த டேங்கில் நெருப்பு வைக்கக் கூடாது என்பதால் வெல்டிங் இல்லை. நன்றாகக் கழுவிக் காயவைத்தோம். பழையதைவிட இது அகலம், இருந்த தாங்கியில் உட்காரவில்லை. இரும்புப் பட்டையை வளைத்து, உள்பக்கம் டயர் டியூபை வெட்டி வைத்து, தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டோம். லோரிக்கு அடியில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்து செய்த வேலை. டேங்கின் மேல் மூன்று குழாய்கள் இருந்தன. ஒன்று எஞ்சினுக்கு டீசல் போக, ஒன்று மிச்சம் திரும்பி வர. மூன்றாவது மெல்லிசாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "அது வேன்காரனுக்கு வேணும், நமக்கு எதுக்கு லா?" என்று சொல்லி அதில் ஒரு போல்ட்டைச் செருகி இறுக்கிவிட்டான். மூடியும் காற்றுப் புகாத வேன் மூடிதான். கொஞ்சம் டீசல் ஊற்றிப் புந்தோங் தெருக்களில் ஓட்டிப் பார்த்தோம். நன்றாக ஓடியது. தலைவரும் வந்து பார்த்துவிட்டு, சரி, அம்மன் இதிலேயே வரட்டும் என்றார்.

திருவிழா அன்று டேங்க் நிறைய ஊற்றினோம். அம்மனை ஏற்றி, உறுமி மேளம் முன்னால் போக, முன்பு ரப்பர் பால் சேர்த்துவைத்த பழைய ஸ்டோர் மேட்டில் பாதி ஏறியதும் லோரி இருமி இருமி நின்றுவிட்டது. அம்மனுக்கு ஏதோ குறை என்று பெண்கள் சொல்ல, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். அதற்குள் அண்ணன் எஞ்சினுக்கு டீசலை ஏற்றுகிற கை பம்ப்பை அமுக்கிச் சாவியைத் திருப்பினான், கிளம்பியது. ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி தேங்காய். மறுபடி கிளம்பி, மறுபடி நின்றது. தேங்காய் மூட்டை தீர்ந்துகொண்டே வந்தது. தலைவர் அண்ணனின் தோளைத் தொட்டு, "போதும் தம்பி, வேற லோரிக்கு போன் போடுறேன்" என்றார். அண்ணன் சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேளக்காரர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், அவனுக்கும் ஒன்று கலக்கலாம் என்று புது டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். பால் வரவில்லை. உலுக்கினேன், ஒரு சொட்டு வந்து நின்றது. அவ்வளவு வருத்தத்திலும் அண்ணனுக்குக் கேலி போகவில்லை. "மண்டு, இன்னொரு ஓட்டை போடு லா. காத்து போனாத்தானே பால் வ..." என்றவன் அப்படியே நிறுத்தினான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் லோரியைப் பார்த்தோம். ஓடிப்போய் டேங்க் மூடியைத் திருகினான். பாம்பு சீறுகிற மாதிரி ஒரு நீளமான சத்தம். டேங்க் மூச்சு இழுத்தது. அவன் அடியில் படுத்துப் போல்ட்டைப் பிடுங்கி எறிந்தான். புந்தோங்கில் கொஞ்சம் டீசலோடு ஓடியபோது டேங்கிலேயே காற்று இருந்தது, நிரம்பிய டேங்குக்குள் காற்று போக வழியே இல்லை. அதற்குப் பிறகு லோரி நிற்கவேயில்லை. மேடு முழுவதும் உறுமிச் சத்தத்தையும் மிஞ்சிக்கொண்டு ஏறியது. கடைசித் தேங்காயில்தான் அம்மன் மனம் இறங்கியது என்று ஜனங்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அண்ணன் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. அந்த டின்னில் இன்னொரு ஓட்டை போட்டு, பால் தீர்ந்ததும் கழுவிக் கொண்டுவந்து கண்ணாடியில் மாட்டினான்.

இந்த வருடமும் தலைவர் புது லோரி பேச்சை எடுத்தார். ஒரு பெண் அம்மனை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஓட்ட முடியுமா என்று அவருக்குப் பயம். நான்தான் ஓட்டுவேன் என்றேன். பாதி மேட்டில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், பிரேக்கைப் போட்டு எஞ்சினை அணைத்தேன். மேளம் நின்றது. தலைவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்னம்மா, மறுபடியும் நின்னுருச்சா?"

"நிக்கல பெரியப்பா. நான்தான் நிறுத்துனேன்."

கொண்டுவந்திருந்த ஒரே ஒரு தேங்காயோடு இறங்கி, அண்ணன் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் உடைத்தேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. மேடு ஏறி முடிகிற வரைக்கும் அந்தக் காலி டின் கண்ணாடியில் இடித்து இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.